ஓவியர் பள்ளிக்கு வருகிறார்: நான்கு நாளில் எட்டுப் பள்ளி வேண்டாம்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் முன்னாள் மாணவர் சங்கம் சார்பில், சென்னையிலிருந்து ஓர் ஓவியரை அழைத்து நான்கு நாளில் எட்டுப் பள்ளிகளில் நிகழ்ச்சி நடத்த நினைக்கிறோம். மேடையில் நேரடியாக வரைந்து காட்டுவார், பிறகு பயிலரங்கு. எப்போது வைக்கலாம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், என்னென்ன ஏற்பாடு வேண்டும்? அடுத்த வருஷம் வெளிநாட்டு ஓவியர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?

பதில்:

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கப் பள்ளிகளில் இந்த மாதிரி நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்து வருகிறேன். முதலில் உங்கள் கணக்கையே மாற்றச் சொல்வேன். நான்கு நாள் என்றால் நான்கு பள்ளி. ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

காரணம் இருக்கிறது. காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி என்று வைத்தால் பலகையைக் கட்டி அவிழ்க்கவும், வண்டியில் ஏற்றி இறக்கவும், இரண்டு தலைமை ஆசிரியர் அறைகளில் காபி குடிக்கவுமே பாதி நாள் போய்விடும். நேரம் போதாமல் போகும்போது முதலில் வெட்டுப்படுவது பயிலரங்குதான். மேடை நிகழ்ச்சியை யாரும் விட மாட்டார்கள், பார்க்க நன்றாக இருக்கும், போட்டோவும் கிடைக்கும். முந்நூறு பிள்ளைகள் கைதட்டிவிட்டு வகுப்புக்குப் போவார்கள். ஒரு பிள்ளையின் விரலிலும் கரி ஒட்டியிருக்காது. பெரியவர் ஒருவர் வேகமாக வரைவதைப் பார்த்து வியப்பதற்காக மட்டும் இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. அந்த வியப்பு ஆறும் முன்னால் பிள்ளையின் கையில் ஒரு கரித்துண்டும் தாளும் வந்து சேர வேண்டும். அதற்குத்தான் முழு நாள் கேட்கிறேன். மீதி நான்கு பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களை, அவர்களுடைய பிள்ளைகளில் சிலரோடு, இந்த நான்கு இடங்களுக்கு வரவழைத்துக்கொள்ளலாம்.

எப்போது வைப்பது? டெல்டாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது காலையில்தான் தெரியும். ஓவியர் லாட்ஜில் உட்கார்ந்திருப்பார். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள், பிள்ளைகளும் தேர்வுப் பயம் இல்லாமல் இருப்பார்கள். ஆனால் ஆடிக் காற்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். என்னைக் கேட்டால் பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை வைப்பேன். வெயில் ஏறியிருக்காது, மழையும் இருக்காது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அப்போது பொதுத்தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும், அவர்களை விட்டுவிடுங்கள். ஆறு முதல் ஒன்பது வரை போதும்.

அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரின் வாய்ச்சொல் போதாது. முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விண்ணப்பத்தில் ஓவியர் யார், என்ன வரைவார், எந்த வகுப்புகள், எத்தனை மணி நேரம், பிள்ளைகளிடம் பணம் வாங்க மாட்டோம், எந்த விளம்பரமும் இருக்காது என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். வெளியாட்கள் வந்து பேசும் நிகழ்ச்சிகள் விஷயத்தில் கல்வித் துறை இப்போது கவனமாக இருக்கிறது, அது நியாயமும்கூட. உதவி பெறும் பள்ளிகளில் செயலரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுமதிக்கும் முன்னால் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய ஒருவர் இருக்கிறார், அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியர். அரசுப் பள்ளிகளில் பல இடங்களில் அவர் 2012ல் எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியராக இருப்பார். வாரத்தில் சில அரை நாள் வேலை, சொற்பச் சம்பளம். இருந்தும் கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர்தான். வெளியூர் ஓவியர் வந்து ஒரே நாளில் எல்லாரையும் மயக்கிவிட்டுப் போனால், மறுநாள் அதே வகுப்பில் நிற்க வேண்டியவர் இவர். அதனால் இவரை விருந்தாளியாக ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். அழைப்பிதழில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். மேடையில் முதல் பத்து நிமிஷம் அவர் வரையட்டும். வெளியூர்க்காரர் அவர் கோட்டைத் தொட்டுத் தொடரட்டும். எங்கள் சாரும் ஓவியர்தான் என்று பிள்ளைகள் பார்க்கும் அந்த நிமிஷத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

சரி, மேடைக்கு வருவோம். பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான். சார்ட் பேப்பரை ஸ்டாண்டில் மாட்டி வரைந்தால் நான்காவது வரிசைக்கு மேல் ஒன்றும் தெரியாது. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் இரண்டை நீளவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதினாறு அடி நீளம் கிடைக்கும். பிள்ளைகள் தரையில் உட்காருவதால் பலகையின் அடிவிளிம்பு மூன்று அடி உயரத்தில் இருக்க வேண்டும். வகுப்பறை பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு அவற்றின் மேல் நிறுத்தலாம். உயரம் போதாவிட்டால் செங்கல் வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். பின்னால் வராந்தாத் தூண் இருக்கிற இடமாகப் பார்த்து, கயிற்றால் மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். ஆடி மாதம் என்றால் நடுவிலும் ஒரு கட்டு வேண்டும். காற்றில் பிளைவுட் சாய்ந்தால் முன்வரிசைக் குழந்தைகள் மேல்தான் விழும்.

தாளுக்கு நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாளே அருமையானது. அகலமான சுருளாக வாங்கி ஒட்டிவிடுங்கள். அந்த நிறத்தின் மேல் கரியும் எடுக்கும், வெள்ளைச் சாக்பீஸும் எடுக்கும். வெயில் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும், இது கூசாது. கோடு இரண்டு விரல் தடிமனாவது இருந்தால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும் என்று ஓவியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நுணுக்கமான பேனா வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் தயங்குவார்கள். அப்படிப்பட்டவரை மேடையில் ஏற்றாமல் பயிலரங்குக்கு மட்டும் அழைப்பது நல்லது. இன்னொன்று, வலக்கைக்காரர் பலகையின் இடப்பக்கம் நின்று கையை நீட்டித்தான் வரைவார். இடப்பக்கம் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அவர் முதுகுதான் தெரியும். கூட்டத்தைச் சற்று வலப்புறமாகத் தள்ளி உட்கார வையுங்கள். புரொஜெக்டரை நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் வெளிறிப் போகும், கரண்டும் போகும்.

பலகை, ஏணி, கயிறு வேலைக்கு உங்கள் ஊரில் சுவர் விளம்பரம் எழுதிய பழைய ஓவியர் யாராவது இருந்தால் அவரையே கூலி கொடுத்து உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிளெக்ஸ் வந்த பிறகு அவர்களில் பலருக்கு வேலை இல்லாமல் போயிற்று. கட்டம் போட்டுச் சின்னப் படத்தைப் பத்தடிக்குப் பெரிதாக்கும் வித்தை அவர்கள் கையில் இருக்கிறது. பயிலரங்கில் அரை மணி நேரம் அதை அவர் சொல்லிக்கொடுத்தால் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடமும் சேர்ந்து நடந்துவிடும்.

என்ன வரைவது என்பதை ஓவியரிடமே விடலாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நான் பார்த்ததில் மிக நன்றாக அமைந்தது ஆற்றை வரைந்ததுதான். பதினாறு அடித் தாளின் இடது ஓரத்தில் கல்லணை. அங்கிருந்து கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நான்கு கோடுகள் பிரிகின்றன. ஓவியர் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறார். காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறுமாக மூன்று கிளை. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது, அரசலாறு காரைக்காலில். கரையெல்லாம் நாற்றங்கால், மதகு, பம்புசெட்டு, கொக்கு என்று படம் நிறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு கிளை பிரியும்போதும் பிள்ளைகள் ஆற்றின் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்வார்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இப்படி நடந்துகொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "எங்க வாய்க்கால விட்டுட்டீங்க" என்றான். ஓவியர் சாக்பீஸை அவன் பக்கம் நீட்டினார். அவன் பலகைக்கு வந்து, கோரையாற்றிலிருந்து ஒரு சின்னக் கோட்டைக் கிழித்து, அதன் முனையில் ஒரு சதுரம் போட்டான். அவன் வீடாம். அடுத்த நிமிஷம் இருபது கைகள் எழுந்தன. மேடை நிகழ்ச்சி அங்கேயே பயிலரங்காக மாறிவிட்டது, யாரும் அறிவிக்கத் தேவைப்படவில்லை. உங்களுக்கு மன்னார்குடி என்பதால் பாமணியாற்றிலிருந்து இதையே செய்யலாம்.

பின்னணி இசை வேண்டும் என்று ஓவியர் கேட்டால், திருவையாறு அரசு இசைக் கல்லூரி மாணவர் ஒருவரை கஞ்சிராவோடு அழைத்துக்கொள்ளுங்கள். தவில் வேண்டாம், பிள்ளைகள் பேசுவது அமுங்கிவிடும். நாற்பது நிமிஷத்தில் மேடையை முடித்துவிடுங்கள்.

இனி பயிலரங்கு. ஒரு குழுவுக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு குழு நடத்தலாம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கும் மாணவர்கள் நான்கு பேரை அழைத்து வந்தால் பத்துப் பிள்ளைக்கு ஒருவர் ஆகிவிடும். போக்குவரத்தும் சாப்பாடும் ஒரு சிறு தொகையும் கொடுங்கள்.

எந்த நாற்பது பேர் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். தலைமை ஆசிரியர் அக்கறையோடுதான் நன்றாக வரைகிற பிள்ளைகளைத் தேர்ந்து அனுப்புவார். அவர்களில் பத்துப் பேர் வரட்டும். மீதி முப்பது பேர் "எனக்கு வரைய வராது" என்று சொல்கிறவர்களாக இருக்கட்டும். அந்தப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் மார்கழி முழுக்க வாசலில் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம் போட்டவர்கள். அழிக்காமல், நிறுத்தாமல், ஒரே இழையாகக் கை ஓடும். அதை வரைதல் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. பயிலரங்கைக் கோலத்தில் தொடங்கினால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவர்கள் பயம் விட்டுப்போகும்.

தாளைக் கொடுத்து "எதையாவது வரையுங்கள்" என்றால் முக்கால்வாசித் தாளில் வருவது இதுதான்: இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. திருவாரூர் மாவட்டத்தில் எந்தப் பள்ளியின் மாடியில் ஏறி நின்றாலும் ஒரு மலை கண்ணில் படாது. பிள்ளைகள் மேல் தப்பில்லை, படம் என்றால் அதுதான் என்று பார்த்துப் பழகியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததை வரைவது என்பதை அவர்களுக்கு அறிமுகப்படுத்துவதுதான் ஒரு நாள் பயிலரங்கால் உருப்படியாகச் செய்ய முடிந்தது என்று நினைக்கிறேன். நிழல் போடுவது, வண்ணம் கலப்பது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு நல்ல பயிற்சி, வகுப்பு வாசலில் கிடக்கும் செருப்புக் குவியல். ஆளுக்கு ஒரு செருப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, செருப்பையே பார்க்க வேண்டும், கரியைத் தூக்காமல் விளிம்பு போகிற வழியே கை போக வேண்டும். முதல் படம் கோணல்மாணலாக வரும், வகுப்பே சிரிக்கும். மூன்றாவது படத்தில் தேய்ந்த குதிகால் தெரியும், அறுந்து ஊக்கு குத்திய வார் தெரியும். அந்த ஊக்கை வரைந்த பிள்ளை இனி மலை வரைய மாட்டாள். அடுத்து எதிரெதிராக உட்கார்ந்து நண்பன் முகத்தை அதே முறையில் வரையச் சொல்லலாம்.

கரியை விலை கொடுத்து வாங்க வேண்டாம். கலம்காரிக்காரர்கள் துணியில் முதல் கோடு போடுவது புளியங்குச்சிக் கரியால்தான். பென்சில் தடிமனுள்ள புளியங்குச்சிகளைக் காயவைத்து, ஒரு தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு மூடி, அடுப்புத் தணலில் வையுங்கள். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் எடுத்து, டப்பா முழுதும் ஆறிய பிறகு திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். செலவே இல்லாமல் நான்கு பள்ளிக்கும் போதுமான கரி கிடைத்துவிடும். எப்படிச் செய்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆனால் சுடுவதை உங்கள் வீட்டில் செய்துகொண்டு வாருங்கள். பள்ளி வளாகத்தில் நெருப்பு கூடவே கூடாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்த பகுதி இது. நிகழ்ச்சிக்கு நிழல் வேண்டுமென்றால் மரத்தடி பாருங்கள், இல்லையென்றால் நான்கு பக்கமும் திறந்த ஷாமியானா. கீற்றுப் பந்தல் வேண்டாம். வகுப்பறையில் நடத்தினால் இரண்டு கதவும் திறந்திருக்கட்டும், வாசலில் பொருளைக் குவிக்காதீர்கள். தின்னர், ஸ்பிரே பெயிண்ட் எதுவும் உள்ளே வர வேண்டாம். பிள்ளைகளோடு எந்த வெளியாளும் தனியாக இருக்கக் கூடாது, பள்ளி ஆசிரியர் ஒருவர் முழு நேரமும் அறையில் இருக்க வேண்டும். முகம் தெரியும் போட்டோக்களைப் பள்ளி சம்மதம் இல்லாமல் எங்கும் போடாதீர்கள். கடைசியாகச் சொன்ன இந்த மூன்றையும் ஓவியருக்கு அனுப்பும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அதே கடிதத்தில் பணத்தையும் எழுதுங்கள். சன்மானம் எவ்வளவு, எப்போது கொடுப்போம், பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் செலவு, வரைந்த படம் பள்ளிக்கா ஓவியருக்கா. "பிள்ளைகளுக்காகத்தானே, சும்மா வாருங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நான்கு நாள் அவர் வேறு வேலை செய்யாமல் வருகிறார். பாதியை முன்பணமாகக் கொடுத்தால் அவரும் உங்களை நம்புவார். சன்மானத்துக்குத் திணறினால் பள்ளிகளின் எண்ணிக்கையை இன்னும் குறையுங்கள், தொகையைக் குறைக்காதீர்கள். 1986 முதல் தஞ்சாவூரில் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையத்துக்கும் உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பிக் காலையில் மன்னார்குடி வந்துவிடும். வந்த அன்றே நிகழ்ச்சி வைக்காதீர்கள். காலையில் ஓய்வு, மதியம் முதல் பள்ளியின் ஓவிய ஆசிரியரோடு இடத்தைப் பார்ப்பது, மாலையில் திருவாரூர். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சோழன், ஒரே மாதிரியான ஏழு திருமேனிகளில் உண்மையான தியாகராஜரை அடையாளம் கண்டு திருவாரூருக்குக் கொண்டு வந்த கதை, வரிசை வரிசையாக, அடியில் தமிழில் குறிப்போடு ஓடுகிறது. வரைந்தவர் சிங்காதனம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கதையைப் பட்டை பட்டையாகச் சொல்லும் இந்த முறையைப் பார்த்துவிட்டு வரும் ஓவியர், மறுநாள் பலகை முன் நிற்கும்போது வேறு மாதிரி நிற்பார். மண்டபம் திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்க விழா வைத்தால் பத்து நிமிஷத்துக்குள் முடியுங்கள். பொன்னாடைகளை நிகழ்ச்சி முடிந்த பிறகு போர்த்துங்கள். ஒவ்வொரு நாளும் கடைசி ஒரு மணி நேரத்தைச் சுற்றுவட்டார ஓவிய ஆசிரியர்களுக்கு ஒதுக்குங்கள். அன்று பிள்ளைகள் வரைந்த படங்களைத் தரையில் பரப்பிவைத்துப் பேசினாலே போதும். மிச்சமான தாள், கரி, பலகை எல்லாம் பள்ளிக்கே. முடிந்தால் மூன்று மாதம் கழித்து அதே நான்கு பள்ளிகளுக்கு ஓவியரை ஒரு நாள் மட்டும் திரும்ப அழையுங்கள், புதிய பள்ளிகளை அப்புறம் சேர்க்கலாம்.

வெளிநாட்டு ஓவியர் விஷயம். சுற்றுலா விசாவில் வருபவருக்குச் சன்மானம் கொடுத்து நிகழ்ச்சி நடத்துவது அவருக்கும் உங்களுக்கும் சிக்கலாகும். என்ன விசா வேண்டும் என்று அவர் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவரையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், உங்கள் அழைப்புக் கடிதத்தில் வேலையின் தன்மையை மறைக்காமல் எழுதுங்கள். அவர் தங்கும் இடம் லாட்ஜானாலும் வீடானாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தை நடத்துகிறவர் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஃபார்ம் சி என்ற பழைய பெயரைச் சொன்னால் லாட்ஜ்காரர்களுக்குப் புரியும். உங்கள் வீட்டில் தங்க வைத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. கல்வி அலுவலருக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலும் அவர் வெளிநாட்டவர் என்பதைக் குறிப்பிடுங்கள். பிரெஞ்சுக்காரர் என்றால் பாண்டிச்சேரி, சென்னை அலையான்ஸ் பிரான்சேஸிலும், ஜெர்மன்காரர் என்றால் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலும் கேட்டுப் பாருங்கள். வழி தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். எதுவானாலும் அவர் டிக்கெட் எடுக்கும் முன்னால் இந்தக் கடிதங்களுக்கெல்லாம் பதில் உங்கள் கையில் இருக்கட்டும்.